பிரித்துப் பின்னிய சனிக்கிழமைகள்

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உள்ள கூடத்தில் 22 நாற்காலிகள். காலை 7 மணிக்கு அம்மாவை உள்ளே அனுப்பினால் திரும்பி வர 12 மணி ஆகிவிடும். இயந்திரத்தில் நான்கு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஊசி எடுத்த இடத்தை இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள். புதன்கிழமை தம்பியின் முறை, சனிக்கிழமை என் முறை. 2022 ஜூன் மாதம் இப்படித் தொடங்கியது.

முதல் சில மாதங்கள் அந்த ஐந்து மணி நேரத்தையும் கைப்பேசிக்கே கொடுத்தேன். சிறுநீரகம் செயலிழப்பதைப் பற்றி அதில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். நான்கு எண்களை வரிசையாகப் பார்த்தால் ஐந்தாவது எண் என்னவாக இருக்கும் என்று மனம் தானாகவே போட்டுப் பார்த்துவிடும். அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் என் கைப்பையில் தேதி வாரியாக இருந்தன. கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் என்று ஒவ்வொரு எண்ணையும் பார்த்து அடுத்த மாதத்துக்கு உரியதை நானே கணித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்துக் கிடப்பேன்.

எதிர் வரிசையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் உட்காருவார். அவருடைய கணவருக்கும் சனிக்கிழமைதான். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து வெள்ளை நூலை இழுத்து இழுத்து ஏதோ பின்னிக்கொண்டே இருப்பார். அவர் கை ஓயாது. ஆனால் முகத்தில் அவசரம் இருக்காது. யாராவது ‘ரமேஷ் அட்டெண்டர்’ என்பது போல உள்ளே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்களுக்கெல்லாம் நெஞ்சு பதறும். அவர் மட்டும் கையில் இருப்பதை அப்படியே பைக்குள் வைத்துவிட்டு நிதானமாக எழுந்து போவார். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து பின்னுவார்.

ஒரு சனிக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்பதற்கு முன்பே இன்னொரு ஊசியை எடுத்து நீட்டினார். “இந்தாங்க டீச்சர், சும்மா பிடித்துப் பாருங்கள்.”

குரோஷா என் வாழ்க்கைக்குள் வந்தது அன்றுதான்.

இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்வெட்டர் பின்னுவதற்கு நீளமான ஊசிகள் இரண்டு வேண்டும். அதில் ஒரு வரிசைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், அத்தனையும் ஊசியின் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி நழுவினால் பல கண்ணிகள் ஒன்றாக அவிழ ஆரம்பிக்கும். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி போதும். எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். மற்றதெல்லாம் கட்டுண்டு கிடக்கும். அந்த ஒற்றைக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒன்றும் ஆகாது. ஆஸ்பத்திரியில் காத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரியவில்லை. எந்த நொடியிலும் எழுந்து ஓடலாம், வந்து தொடரலாம்.

அன்று அக்கா சங்கிலி போடக் கற்றுக்கொடுத்தார். நூலை இடது கையின் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, கொக்கியால் அதைப் பிடித்து, ஏற்கெனவே உள்ள கண்ணிக்குள் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். மற்ற பின்னல்கள் எல்லாம் இந்த ஓர் இழுப்பை எத்தனை முறை செய்கிறோம், எங்கே குத்தி இழுக்கிறோம் என்பதன் வேறுபாடுகள்தான். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் என் சங்கிலி ஓரிடத்தில் இறுகியும் இன்னோரிடத்தில் தளர்ந்தும் கிடந்தது. “நூலை நெரிக்காதீர்கள், அது எங்கேயும் ஓடிவிடாது” என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் என் தோள்கள் இரண்டும் காது வரை தூக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். எத்தனை மாதமாக அப்படி உட்கார்ந்திருந்தேனோ.

அடுத்த வாரமே டவுனில் தேர் வீதிப் பக்கம் போய் நூல் வாங்கினேன். அங்கே ஒரு தவறு செய்தேன். புதிதாகத் தொடங்குகிற பலரும் செய்கிற தவறு என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அழகாக இருக்கிறதே என்று மெல்லிய கறுப்பு நூலையும், அதற்கேற்ற மிக மெல்லிய எஃகு ஊசியையும் வாங்கினேன். கறுப்பு நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய நூலில் பத்து வரிசை பின்னினாலும் இரண்டு விரல் அகலம்கூட வளராது. இரண்டு வாரத்தில் வெறுத்துப்போய் வைத்துவிட்டேன். அக்காதான் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இது அடுத்த வருடத்துக்கு” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தடித்த பருத்தி நூலும் 4 மி.மீ. அலுமினிய ஊசியும் வாங்கச் சொன்னார். இளம் மஞ்சள், வெளிர் பச்சை, பால் வெள்ளை போன்ற வெளிர் நிறம் எதுவானாலும் சரி. அந்த நூலும் ஊசியும் இருந்தால் முதல் நாளே கண்ணி கண்ணுக்குத் தெரியும், கைக்கும் பிடிபடும். தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது சிக்கல், நேராகப் பின்னியது முக்கோணமாகிப் போனது. கைக்குட்டை அளவுக்குச் சதுரம் பின்ன நினைத்தேன். வரிசைக்கு வரிசை குறுகிக் கொடி மாதிரி ஆகிவிட்டது. அதை வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறாய். உங்கள் ஆச்சி திருப்புவதற்கு முன்னால் வாய்விட்டு எண்ணுவார்.”

அம்மாவுக்கு இது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மாவைப் பெற்ற ஆச்சி நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கே தையல் வகுப்பில் ‘லேஸ்’ கற்றிருக்கிறார். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பழைய பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொதியை எடுக்க வைத்தார். ரேடியோவுக்குப் போட்டிருந்த உறை. அன்னாசிப் பழம் போன்ற வடிவங்கள் வட்டமாகச் சுற்றி வரும் பின்னல். நூல் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஓரிடத்தில் எலி கடித்த ஓட்டை. கண்ணிகள் அவ்வளவு சிறியவை. ஆச்சி என்ன ஊசியை வைத்துப் பின்னினார் என்று கேட்டேன். குடைக் கம்பியை அறுத்து, நுனியைத் தேய்த்துக் கொக்கியாக்கி, தாத்தா செய்துகொடுத்த ஊசியாம்.

எங்கள் தென்பகுதிக்கு லேஸ் வேலை வந்தது மிஷனரிப் பெண்கள் வழியாக. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்தது. அது திண்டு போன்ற தலையணை மீது குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேறு வகை. குரோஷா அதன் எளிய உறவுக்காரி எனலாம். கட்டைகள் வேண்டாம், தலையணை வேண்டாம். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரிகளும் மற்றவர்களும் ஏழைக் குடும்பங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததற்கும் அதுதான் காரணம். கருவி மலிவு, கற்பதும் விரைவு. விற்ற காசில் பல குடும்பங்கள் பிழைத்தன. வளைத்த கம்பியைத் தக்கையில் செருகி அதையே ஊசியாக வைத்துப் பின்னியவர்களும் அங்கே உண்டு. இதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் குடைக் கம்பி என் கண்முன் வந்து நின்றது.

அன்றிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அதற்கு முன் நாங்கள் பேசியதெல்லாம் தண்ணீர்தான்: இன்று எத்தனை டம்ளர் குடித்தாய், கால் வீங்கியிருக்கிறதா, ஏன் மோர் குடித்தாய். ஒரு நாளைக்கு இவ்வளவு மில்லி என்று அளவு வைத்திருக்கும் ஒருவரிடம் காவல்காரி மாதிரி பேசிப் பேசி மகள் என்பதே மறந்துபோயிருந்தது. இப்போது அவர் எனக்கு ஆசிரியை ஆனார். அவருக்குப் பின்னத் தெரியாது. ஆனால் பின்னுவதைச் சிறுவயது முழுவதும் பார்த்தவர். எது சரி, எது கோணல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சிட்டமாக வாங்கிய நூலை என் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டு, ஃபிஸ்டுலா போட்ட (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்திருந்த) இடது கைக்குச் சிரமம் தராமல், வலது கையால் மெதுவாக உருண்டையாகச் சுற்றுவார். ஓர் உருண்டைக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் ஆச்சியின் கதைகள் வரும். நாற்பத்தாறு வயது வரை நான் கேட்டிராத கதைகள்.

யூடியூபில் தமிழிலேயே பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த நிலைக்குப் போனேன். ஒரு குழப்பத்தை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். அமெரிக்க முறையில் ‘சிங்கிள் குரோஷா’ என்கிற பின்னலைத்தான் பிரிட்டிஷ் முறையில் ‘டபுள் குரோஷா’ என்கிறார்கள். அமெரிக்க ‘டபுள்’ பிரிட்டிஷில் ‘டிரெபிள்’ ஆகிவிடும். எழுதிய குறிப்பைப் பார்த்துப் பின்னும்போது அது எந்த நாட்டு முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை விரிப்பை முக்கால்வாசி முடித்த பிறகு எனக்கு இது தெரியவந்து, முழுவதையும் பிரித்தேன்.

பிரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். குரோஷாவில் எவ்வளவு தூரம் பின்னியிருந்தாலும் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால், கடைசிக் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரசரவென்று அவிழ்ந்துகொண்டே வரும். தப்பு எந்த வரிசையில் நடந்ததோ அங்கே வந்து நிறுத்தலாம். நூல் முழுதாகக் கைக்குத் திரும்பிவிடும். கொஞ்சம் சுருண்டிருக்கும், அவ்வளவுதான். துணியைத் தப்பாக வெட்டினால் வெட்டியதுதான். குழம்பில் உப்பு கூடினால் கூடியதுதான். எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த எதையும் திரும்ப எடுக்க முடியாத நிலை. “இரண்டு வருடத்துக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால்” என்று ஒரு மருத்துவர் சொன்ன பாதி வாக்கியம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் இருப்பதையாவது பிரித்துச் சரிசெய்யலாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி மாளாது. முதல் வருடத்தில் பின்னியதைவிடப் பிரித்தது அதிகம். அந்த நேரம் எதுவும் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை. பிரிப்பதற்கு வசதி பருத்தி நூல்தான். மயிர் மயிராகப் பஞ்சு நிற்கும் நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரிக்க வராது. புதியவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம்.

எண்களை வைத்துப் பயந்துகொண்டிருந்த என் மனத்துக்கு, அசையாத எண் ஒன்று கிடைத்ததும் இதில்தான். வரிசைக்கு 40 கண்ணி என்றால் 40தான். அடுத்த வரிசையிலும் 40. நான் விடாமல் எண்ணினால் அது கூடாது, குறையாது. எண்ணத் தொடங்கிய பிறகு அம்மாவின் பொட்டாசியத்தை மனம் கணிக்கவில்லை. கணிக்க இடம் இல்லை. அன்றிரவு தூங்கினேன்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் வொல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 87 நாடுகளைச் சேர்ந்த 8,391 குரோஷா பின்னுபவர்களிடம் கேட்டு 2020இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். பின்னும்போது மனம் அமைதியாகிறது என்று 89.5 சதவீதம் பேர் சொன்னார்கள். கணக்கு ஆசிரியையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இதை விரும்பிச் செய்பவர்கள். பிடிக்காமல் விட்டுவிட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே இது எல்லோருக்குமான மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கூடத்திலேயே மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று வைத்துவிட்டார்கள். ஒருவர் அதற்குப் பதிலாக ஒயர் கூடை போடத் தொடங்கினார். அவருக்கு அது பொருந்திவிட்டது.

இனி என் தொழிலோடு இது சேர்ந்த கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தம்பி மகளுக்கு ஒரு யானைப் பொம்மை பின்னத் தொடங்கினேன். ஜப்பானியர்கள் அமிகுருமி என்று சொல்லும் வகை. நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். முதல் சுற்றில் 6 கண்ணி. இரண்டாம் சுற்றில் 12, பிறகு 18, 24, 30 என்று ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டினால் தட்டையான வட்டம் வரும். எல்லாக் குறிப்புகளிலும் இந்த 6தான். ஏன் 6? ஏன் 5 இல்லை, 8 இல்லை? ஒரு சனிக்கிழமை முழுவதும் இதையே யோசித்தேன். பிறகு பிடிபட்டது. அமெரிக்க முறைச் சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஒரு சுற்று கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. சுற்றளவு 2πr அல்லவா? ஆரம் 1 கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 கூட வேண்டும். 0.28 கண்ணியைப் பின்ன முடியாது. நூல் அதை இழுத்துச் சமாளித்துக்கொள்ளும். ஆகவே 6! உயரமான டபுள் கண்ணியில் பின்னினால் ஏன் 12இல் தொடங்குகிறார்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணி ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்.

திங்கட்கிழமை அதைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கூட்டுத் தொடர்வரிசை நடத்திக்கொண்டிருந்த நேரம். 6, 12, 18, 24 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, பின்னிய வட்டத்தை முதல் பெஞ்சில் கொடுத்தேன். கை மாறி மாறிப் போயிற்று. சுற்றுகளை விரலால் எண்ணினார்கள். அடுத்து, கூட்டுவதை நிறுத்திவிட்டு அதே எண்ணில் பின்னிய இன்னொன்றைக் காட்டினேன். அது குவிந்து கிண்ணமாகியிருந்தது. மூன்றாவதுதான் அவர்களை வாய் பிளக்க வைத்தது. அதில் 6 என்று ஒரே எண்ணைக் கூட்டாமல், ஒவ்வொரு ஐந்து கண்ணிக்கும் ஒன்று என்ற விகிதத்தில் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். 20 கண்ணி 24 ஆகும், 24 ஏறக்குறைய 28 ஆகும், பிறகு 33, 39, 46. தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வேறுபாடு. சுற்றளவுக்கு இருக்க இடம் போதாமல் துணி தானாகவே மடிந்து மடிந்து அலையடிக்கத் தொடங்கிவிடும். “டீச்சர், இது கோழிக்கொண்டைப் பூ!” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கத்தினான். சரியாகச் சொன்னான். அந்தப் பூவின் விளிம்பும் அப்படித்தான் வளர்கிறது.

அவன் கத்தியது அதிபரவளைய வடிவியல் என்ற பெரிய துறையின் வாசலில் நின்று. யூக்ளிடின் தளத்தில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும். இந்த அலையடிக்கும் தளத்தில் எத்தனையோ வரையலாம். எதுவும் அந்தக் கோட்டைச் சந்திக்காது. இதைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி செய்துகாட்டுவது நீண்ட காலம் சிரமமாக இருந்தது. காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் தொட்டால் கிழிந்தன. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா 1997இல் அதைக் குரோஷாவில் பின்னினார். மாணவர்கள் மடித்துப் பார்க்கலாம், கசக்கலாம், மேலே நூலால் கோடு தைத்துப் பார்க்கலாம். பின்னர் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005இல் அதே முறையில் ஒரு பவளத்திட்டையே பின்னத் தொடங்கினார்கள். பவளங்கள் பலவற்றின் உருவமும் இந்த வடிவியல்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் கிடக்கிற கடற்கரைக்கு எங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். என் மாணவர்களுக்கு அந்தத் தொடர்பைச் சொன்னபோது வகுப்பு ஒரு கணம் அமைதியாக இருந்தது. அந்த வருடம் நான்கு பேர் பின்னக் கற்றார்கள். அதில் இருவர் பையன்கள்.

யானைப் பொம்மையும் முடிந்தது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கொடுப்பதென்றால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கண்களை வைக்காதீர்கள். பிய்ந்து வாய்க்குள் போய்விடலாம். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுவது நல்லது.

உடம்புக்கு வந்த தொல்லையையும் மறைக்கக் கூடாது. இரண்டாவது வருடம் வலது கைக் கட்டைவிரலின் அடியில் வலி வந்தது. பேனா பிடித்தால் வலித்தது. கரும்பலகையில் எழுத முடியவில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பின்னியிருந்தேன். மூன்று வாரம் ஊசியைத் தொடவில்லை. அதன் பிறகு சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன்: தடித்த ரப்பர் பிடி போட்ட ஊசி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து விரல்களை விரித்து மடக்குவது, முழங்கைக்கு அடியில் ஒரு சிறு தலையணை. ஊசியைப் பென்சில் மாதிரி பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம். எது வலிக்கவில்லையோ அதுதான் உங்கள் பிடி. வலித்தால் நிறுத்திவிடுங்கள்; வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விற்கலாமே என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரு முறை முயன்றேன். டம்ளருக்கு அடியில் வைக்கும் விரிப்புகள், ஆறு. ஒன்றுக்கு 40 நிமிடம், ஆக மொத்தம் நான்கு மணி நேரம். நூல் 90 ரூபாய். தெரிந்த ஒருவர் 150 ரூபாய்க்குக் கேட்டார். என் நான்கு மணி நேர உழைப்புக்கு 60 ரூபாய்; மணிக்கு 15. திருப்பூரில் பனியன் துணியை இயந்திரம் பின்னித் தள்ளுகிறது. குரோஷாவுக்கு அப்படி ஓர் இயந்திரம் இல்லை. உண்மையான குரோஷாப் பொருள் ஒன்று உலகத்தில் எந்தக் கடையில் தொங்கினாலும் அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒருவர் கையால் இழுத்திருக்கிறார். அதனால்தான் மலிவு விலைச் சீட்டு தொங்கும் குரோஷா உடையைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆந்திராவில் கோதாவரிக் கரையோர நரசாப்பூர்ப் பகுதியில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் உட்கார்ந்து பின்னும் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெண்கள் கைக்குப் போகும் கூலி எவ்வளவு சிறியது என்பதை 1970களின் இறுதியிலேயே அங்கே போய்த் தங்கி ஆராய்ந்து எழுதினார் மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர். விற்க விரும்புபவர்கள் தங்கள் மணி நேரத்துக்கு விலை வைத்து விற்க வேண்டும். வாங்குபவர்கள் பேரம் பேசக் கூடாது. நான் விற்பதில்லை, கொடுக்கிறேன்.

கொடுக்கத் தொடங்கியது போர்வையில். டயாலிசிஸில் இரத்தம் உடம்புக்கு வெளியே போய்த் திரும்புவதால் பலருக்குக் குளிரும். ஏ.சி. வேறு. அம்மா முதல் நாளிலிருந்தே நடுங்குவார். அவருக்கு ஒரு சால்வை பின்னுவது என்று முடிவுசெய்தேன். அழகாக, அகலமாக, இரண்டு தோளையும் மூடுகிற மாதிரி ஒன்றை இரண்டு மாதத்தில் முடித்துக் கொண்டுபோனேன். உள்ளே இருந்த செவிலியர் அதைத் தொட்டுப் பார்த்து ரசித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “அக்கா, ஃபிஸ்டுலா கையை மூடவே கூடாது. ஊசி நழுவி இரத்தம் போனால் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.”

எனக்கு வியர்த்துவிட்டது. அன்றே பிரித்தேன். மறுபடி பின்னியது இடது தோளை விட்டுவிட்டு, மார்பையும் வலது கையையும் மூடும் அரைச் சால்வை. கம்பளி நூல் வேண்டாம் என்று அந்தச் செவிலியரே சொன்னார். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். வெந்நீரைத் தாங்குவது பருத்திதான். ஆனால் பருத்தி ஈரத்தில் கனத்து நீளும். பிழிந்து கொடியில் தொங்கவிடாமல் விரித்துப் போட்டுக் காயவைக்க வேண்டும். இரண்டு நிறம் சேர்த்தால், பின்னுவதற்கு முன்பே ஒரு சிறு துண்டு பின்னித் துவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சிவப்பு ஒரு முறை என் வெள்ளையைக் கெடுத்துவிட்டது. நூல் உறையில் உள்ள லாட் எண்ணையும், அதாவது எந்தத் தடவை சாயமேற்றிய நூல் என்று காட்டும் எண்ணையும், பாருங்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் லாட் மாறினால் சால்வையின் நடுவில் நிறம் மாறித் தெரியும். தேவையான அளவைவிட ஒன்று கூடுதலாக, ஒரே நாளில் வாங்கிவிடுவதுதான் வழி.

அம்மாவின் சால்வையைப் பார்த்து அடுத்த படுக்கைக்காரர் கேட்டார். அவருக்கு ஒன்று. பிறகு ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ஒன்று. ஸ்ரீவைகுண்டத்து அக்காவும் நானும், கற்றுக்கொண்ட இன்னும் ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கத் தொடங்கினோம். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் பலர் பின்னிய துண்டுகளைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அதைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். “நமக்கு இந்தக் கட்டில் அளவு போதும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு அடுத்த சதுரத்தைத் தொடங்கினார்.

அக்காவின் கணவர் போன பங்குனியில் இறந்துவிட்டார். பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் மறுபடியும் கூடத்துக்கு வந்தார். எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மஞ்சள் பையைத் திறந்து, பாதியில் நின்ற சதுரத்தை எடுத்தார். ஊக்கைக் கழற்றினார். நாங்களும் எங்கள் ஊசிகளை எடுத்துக்கொண்டோம். மதியம் வரை யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் வரவில்லை. கை வேலையில் இருந்தால் ஒருவர் பக்கத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியும். அதுவரை எனக்கு இது தெரியாது.

ஆச்சியின் ரேடியோ உறையில் இருந்த ஓட்டையை அவர்தான் அடைத்துக் கொடுத்தார், ‘அடுத்த வருடத்துக்கு’ என்று வாங்கி வைத்திருந்த மெல்லிய எஃகு ஊசியால்.

இப்போது ஜன்னலோரப் படுக்கையில் புதிதாக வந்திருக்கும் ஓட்டுநர் ஒருவருக்காக நீல நிறத்தில் ஒரு சால்வை நடக்கிறது. வரிசைக்கு 62 கண்ணி. நேற்று இரவு 34ஆவது வரிசையை முடித்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “61” என்றார். நான் எண்ணினேன். 61தான். எங்கே விட்டேன் என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனதில், 29ஆவது வரிசையின் ஓரத்தில் அந்தக் கண்ணி இருந்தது. அம்மா நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் ஊசியை உருவினேன்.